காந்தாரியின் துடைப்பம்

பழியை மறந்துவிடுங்கள், மன்னித்துவிடுங்கள் என்று எங்கள் சர்ச்சில் பாஸ்டர் சொல்லும்போதெல்லாம் நான் தலையாட்டுவேன். ஆட்டுவதற்குத் தலை இருக்கிறது. மறப்பதற்கு வேறு ஒரு மனசு வேண்டும், அதை ஆண்டவர் எனக்குக் கொடுக்கவில்லை. என் பெயர் பீட்டர். உத்திரமேரூருக்குத் தெற்கே ஏரிப் பாசனத்தில் இருக்கிறது எங்கள் ஊர். நான் குட்டியானை வண்டி ஓட்டுகிறேன், வேதகிரி வாத்தியாரின் கூத்து ஜமாவில் ஆர்மோனியம் வாசிக்கிறேன். கிறிஸ்தவன் பாரதக் கூத்துக்கு வாசிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, என் அப்பாவும் அதைத்தான் செய்தார் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிடுவேன்.

சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல, எங்கள் ஜமாவின் காந்தாரி கன்னியப்பனைப் பற்றி. அவரை அடித்தவனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவன் பெயர் தமிழரசன். ஊரில் பாதி நன்செய் அவனுடையது. நேரில் பார்த்தால் 'ஐயா' என்றுதான் என் வாய் சொல்கிறது. எழுதும்போதாவது 'அவன்' என்று எழுதிக்கொள்கிறேன், இந்தச் சுகத்தை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

கன்னியப்பன் காலனியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. உத்திரமேரூரில் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார். மூட்டை தூக்கித் தூக்கி அகன்ற தோள், கழுத்துக்குப் பின்னால் காய்த்துப்போன தோல். இந்த ஆள் புடவை கட்டினால் எப்படி இருக்கும் என்று முதல் தடவை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். கட்டி முடித்து, முகத்தில் மஞ்சளும் ரோஸும் கலந்த அரிதாரத்தைப் பூசி, கண்ணைச் சுற்றி மெல்லிய துணியைக் கட்டிக்கொண்டு அவர் எழுந்து நின்றால், சிரித்தவன்தான் முதலில் துண்டை இடுப்புக்கு இறக்குவான்.

அவர் காந்தாரி ஆனது இப்படி. அவருடைய அப்பா டிராக்டர் கவிழ்ந்து செத்தபோது, அம்மா அம்முலு அழுத அழுகை மேல்தெரு வரைக்கும் கேட்டது. பிள்ளை அழவில்லை. அம்மாவையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் காந்தாரி வேஷம் கட்டுகிற பாண்டியன் காமாலையில் படுத்துவிட, வேறு வழியில்லாமல் பின்பாட்டுக்காரர்கள் வரிசையில் நின்றிருந்த கன்னியப்பனை உட்காரவைத்து அரிதாரம் பூசினார் வாத்தியார். களத்தில் அவர் மார்பில் அடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்து, கூட்டத்தில் நின்றிருந்த அம்முலு, "ஐயோ, அது நானு" என்றாள். அன்றைக்குப் பிறகு எங்கள் ஊரில் வேறு காந்தாரி கிடையாது.

அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அரிதாரம் முகத்தில் ஏறியதிலிருந்து கழுவுகிற வரைக்கும் கன்னியப்பன் என்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். பெண்டாட்டி செங்கேணி கூப்பிட்டாலும் அப்படித்தான். அந்த நேரத்தில் ஜமாவில் எல்லோருக்கும் அவர் அம்மாதான். மீசை நரைத்த மத்தளக்காரர்கூட, "அம்மா, தண்ணி வேணுமா" என்றுதான் கேட்பார்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. சித்திரையில் திரௌபதி அம்மன் கோயிலில் அக்கினி வசந்த விழா. பாரதக் கூத்து முடிகிற நாள் காலையில் படுகளம். அறுவடையான வயலில் துரியோதனனை மண்ணால் பல ஆட்கள் தலைமாடு கால்மாடாகப் படுத்த நீளத்துக்குப் படுக்கவைப்பார்கள். பீமன் வந்து தொடையில் அடிப்பான். திரௌபதி அந்த இடத்துச் சிவப்புக் குழம்பைத் தொட்டுத் தலையில் தடவி, விரித்த கூந்தலை முடிவாள். இதுவரைக்கும் பல ஊர்களில் உண்டு. எங்கள் ஊரில் அதற்குப் பிறகுதான் முக்கியமானது நடக்கும். காந்தாரி வருவாள்.

ஒரு கையில் முறம், ஒரு கையில் துடைப்பம். மண் பிள்ளையின் நெஞ்சில் விழுந்து அழுவாள். அழுது முடித்து எழுந்து, கண்கட்டோடு கூட்டத்துக்குள் வருவாள். எதிரில் குனிகிறவர் தலையை இடது கையால் தடவிப் பார்ப்பாள், பிறகு தோளில் துடைப்பத்தால் ஓர் அடி. நூறு பிள்ளையையும் பறிகொடுத்தவள், கையில் அகப்பட்ட பிள்ளையை எல்லாம் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டு, 'எங்கேடா போயிருந்தே இத்தனை நாள்' என்று அடிக்கிறாள் என்பது எங்கள் நம்பிக்கை. அந்த அடி விழுந்தால் அந்த வருஷத்துப் பீடை அதோடு போயிற்று. கைக்குழந்தையைக் கொண்டுவருவார்கள், கண் தெரியாத கிழவரைத் தாங்கிக் கொண்டுவருவார்கள். மேல்தெரு ஆண்டைகள் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து குனிவார்கள். வருஷம் முழுக்க எங்களை நிமிர்ந்து பேசவிடாதவர்கள், காலனிக்காரர் கையால் துடைப்பத்தடி வாங்க முண்டியடிப்பதை நான் ஆர்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பேன். எனக்கு அதுதான் திருவிழா.

தமிழரசன் வீட்டில் இந்த நம்பிக்கை மற்றவர்களைவிட அதிகம். அவனுடைய அப்பா ஒரு வருஷம் நிலத் தகராறுக் கேஸ் என்று செங்கல்பட்டில் தங்கிவிட்டு, படுகளத்துக்கு வரவில்லை. அந்த ஆடியிலேயே பம்புசெட் கிணற்றில் தவறி விழுந்து போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து தமிழரசன் ஒரு வருஷம் தவறியதில்லை. புதுக் கார் வாங்கினால் அதையும் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, பானட்டில் ஓர் அடி வாங்கிக்கொண்டு போவான்.

அவன்தான் ஏரியோரம் 'நாற்றங்கால்' என்று ஒரு ரிசார்ட் கட்டினான். மண்சுவர் மாதிரி பூசிய குடில்கள், உள்ளே ஏசி. உத்திரமேரூர்க் கோயிலில் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க வருகிறவர்கள், சென்னையிலிருந்து சனி ஞாயிறுக்குக் காரில் வருகிறவர்கள், எப்போதாவது வெள்ளைக்காரர்கள் வந்து தங்குவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் திறந்தவெளி மேடையில் கலை நிகழ்ச்சி. முதலில் நாதஸ்வரம், பிறகு காஞ்சிபுரத்திலிருந்து வரும் பெண்ணின் பரதநாட்டியம், தென்னேரிப் பறை, கடைசியில் எங்கள் கூத்து. மேடை நல்ல மேடை, அதில் பொய் சொல்லக் கூடாது. பின்னால் ஏரி, மேலே பொழுது சாய்கிற வானம், மைக் வேண்டாமலே குரல் போய்ச் சேரும். விருந்தாளிகளும் ரசித்தார்கள். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் அவர்களையே கிண்டலடிக்கும்போது, என்ன சொன்னான் என்று என் அக்கா மகள் நிஷாவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரிப்பார்கள். நிஷா அங்கேதான் வேலை செய்கிறாள், விருந்தாளிகளுக்கு இங்கிலீஷில் கதை சொல்வது அவள் பொறுப்பு.

கூத்து அழிந்துவருகிறது, தமிழரசன்தான் மேடை கொடுத்துக் காப்பாற்றினான் என்று யாரோ ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். சித்திரை, வைகாசியில் எங்கள் ஜமாவிடம் தேதி கேட்டுப் பாருங்கள், கிடைக்கிறதா என்று. சனிக்கிழமை பொழுதில் சும்மா இருப்பானேன் என்று நாங்கள் அங்கே போனோம், அவ்வளவுதான்.

தமிழரசனுக்கு ஓர் ஆசை முளைத்தது. காந்தாரியின் துடைப்பத்தை ரிசார்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கன்னியப்பன் கும்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"ஒப்பாரி வேணா பாடறேன் ஐயா. துடைப்பம் மட்டும் படுகளத்துலதான். அத்த வேற எங்கியும் எடுக்கறது கெடையாது."

அவன் சரி என்று தலையாட்டினான். நாங்கள் நம்பினோம்.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை. கன்னியப்பன் அன்றைக்கு ஒப்பாரியைப் பாடி முடித்துச் சபையைக் கும்பிட்டு, திரைக்குப் பின்னால் வந்துவிட்டார். கை தட்டி ஓய்வதற்குள் தமிழரசன் மைக்கைப் பிடித்தான். இப்போது காந்தாரி மகாராணி உங்கள் எல்லோரையும் துடைப்பத்தால் ஆசீர்வதிப்பார், வரிசையாக வாருங்கள் என்று இங்கிலீஷிலும் தமிழிலும் அறிவித்தான். பித்தளைத் தட்டில், ஜரிகை ரிப்பன் கட்டிய புதுத் துடைப்பம் மேடைக்கு வந்தது. விருந்தாளிகள் செல்போனை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கன்னியப்பன் வரவில்லை. தமிழரசன் திரையை விலக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தான்.

"இன்னா கன்னியப்பா, கெஸ்ட்டெல்லாம் லைன்ல நின்னுக்கினு கீறாங்க. போயி ஆளுக்கு ஒரு தட்டு தட்டிட்டு வா."

கன்னியப்பன் திரும்பவில்லை. முகத்தில் அரிதாரம் இருந்தது, கண்கட்டு இருந்தது. பேசியது காந்தாரிதான்.

"களத்துல புள்ளைங்க செத்துக் கெடந்தாத்தாம்பா தாய் துடைப்பத்த எடுப்பா. இங்க யாரும் சாவலியே."

"யாருகிட்ட டயலாக் வுட்டுக்கினு கீற."

வேதகிரி வாத்தியார் நடுவில் வந்தார். "ஐயா, வேசத்துல கீறாரு. கலைச்ச அப்புறம் பேசிக்கலாம்."

தமிழரசன் அவரை ஒதுக்கிவிட்டுக் காந்தாரியை அறைந்தான். வலது கையால், இடது கன்னத்தில். திரை விலகியே இருந்ததால், வரிசையில் முன்னால் நின்ற விருந்தாளிகள் பார்த்தார்கள். அவர்கள் பக்கத்தில் நின்ற நிஷா பார்த்தாள். நான் ஆர்மோனியத்தின் துருத்தியில் கையை வைத்தபடி பார்த்தேன்.

"வேசத்த கலைச்சா நீ யாருன்னு எனக்குத் தெரியும்டா," என்றான்.

சொல்லிவிட்டு உள்ளங்கையைப் பார்த்தான். மஞ்சளும் ரோஸும் ஒட்டியிருந்தது. அதை எங்கள் ஜமாவின் திரையிலேயே துடைத்துவிட்டுப் போனான். துச்சாதனன் வேஷக்காரன்கூடத் திரௌபதியின் புடவையைத் தொடுவதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, தாயே மன்னித்துவிடு என்று விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் தொடுவான். அது விளையாட்டுக்கு இழுக்கிற புடவை. இவன் நிஜமாகவே அறைந்துவிட்டு, திரையில் கை துடைத்தான். அந்தக் கறை இன்னும் போகவில்லை. போகக் கூடாது என்று நான் துவைக்கவும் விடவில்லை.

கன்னியப்பன் அங்கே முகம் கழுவ மறுத்துவிட்டார். அப்படியே என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வீட்டு வாசலில் இறங்கியபோது தெரு விளக்கு வெளிச்சத்தில் கன்னத்து அரிதாரத்தில் விரல் தடம் தெரிந்தது. செங்கேணி தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வெளியே வந்தவள் நின்றுவிட்டாள்.

"யாரு?"

"தமிழரசன்," என்றேன் நான்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் கேட்டாள். "உன்னையா, அம்மாவையா?"

"அம்மாவ," என்றார்.

"அப்ப அம்மா பாத்துப்பா. நீ மூஞ்சக் கய்வு."

எனக்கு அப்படி விட மனசில்லை. வாத்தியார் நாலு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு தமிழரசனிடம் போனார். சித்திரையில் காப்புக் கட்டும்போது கோயிலில் வந்து ஒரு வெற்றிலைப் பாக்கு வைத்துவிடுங்கள், அதோடு முடிந்தது என்று கேட்டார். அவன் சிரித்தான். மறுநாள் டிரைவரிடம் ஒரு வேட்டியும் ஒரு புடவையும் கொடுத்தனுப்பினான். கன்னியப்பன் இரண்டையும் தொடவில்லை.

"வேட்டி எனக்குன்னு நெனைக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆவல, எனக்கு எதுக்கு வேட்டி? பொடவ அம்மாவுக்கு. அவ சித்திரையிலதான் வருவா. அப்ப நேர்ல வந்து குடுக்கச் சொல்லு."

அதற்குப் பிறகு ஜமா ரிசார்ட் பக்கம் போகவில்லை. எங்களுக்குப் பதிலாக வேறு மாவட்டத்திலிருந்து ஒரு பொய்க்கால் குதிரை செட்டை வரவழைத்துக்கொண்டான். நான் படுத்தால் தூக்கமில்லை, உட்கார்ந்தால் யோசனை. அவன் நீச்சல் குளத்தில் ஆட்டுப் புழுக்கையைக் கொட்டலாமா என்று யோசித்தேன். விருந்தாளி ஒருவர் எடுத்த வீடியோ நிஷாவிடம் வந்திருந்தது, அதை ஊரெல்லாம் பரப்பலாமா என்று கேட்டேன். கன்னியப்பன் இரண்டுக்கும் வேண்டாமென்று தலையை அசைத்துவிட்டார்.

"அதெல்லாம் பீட்டர் பண்ற வேல, அம்மா பண்ற வேல இல்ல. நீ கம்முனு இரு, நைனா. சித்திர வரட்டும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படுகளத்தில் துடைப்பம் அவர் கையில், தோள் தமிழரசனுடையது. ஊரே கூடி நிற்க ஓங்கி ஒன்று கொடுத்தால் யார் கேட்க முடியும்? காந்தாரி அடி, வாங்கிக்கொண்டுதான் ஆக வேண்டும். இந்த நினைப்பு என் ஒருவனுக்கு மட்டும் வரவில்லை. காலனியில் டீக்கடையில், பைப்படியில், கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் எல்லாம் இதே பேச்சு. மூட்டை தூக்குகிற கையப்பா, தோள்பட்டை இறங்கிவிடும் என்றார்கள். எனக்குச் சோறு இறங்க ஆரம்பித்தது.

துடைப்பம் கட்டுகிற பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சாதாரணமாகப் பூந்துடைப்பத்தில்தான் செய்வோம். நான் தென்னை ஈர்க்கை எடுத்தேன். மெல்லியதை எல்லாம் கழித்துவிட்டு முரட்டு ஈர்க்காகப் பொறுக்கி, காயவைத்து, கைப்பிடி கனக்கும்படி கம்பி போட்டு இறுக்கினேன். என் முழங்காலிலேயே ஒரு தடவை அடித்துப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொண்டுபோய்க் கன்னியப்பனிடம் கொடுத்தபோது, அவர் கையில் எடை பார்த்துவிட்டு மூலையில் சாத்தினார்.

நிஷா சேதி கொண்டுவருவாள். "மாமா, அவரு பயந்துக்கினு கீறாரு. காந்தாரி அடி பலமா வுயுமான்னு டிரைவர கேக்கறாராம்." இன்னொரு நாள் சொன்னாள், ரிசார்ட்டில் பெரிய நாடகக் கொட்டகை ஒன்று கட்டப்போகிறான், கூரை போட்டு, நாற்காலி போட்டு. படுகளம் முடிந்த வெள்ளிக்கிழமை அதற்குப் பூமி பூஜை. அடி வாங்காமல் கடைக்கால் தோண்டமாட்டான், அப்பாவுக்கு நடந்தது அவன் மனசில் இருந்தது. ஆகவே பயந்தாலும் வந்துதான் தீருவான் என்று எனக்கு நிச்சயமாயிற்று.

படுகளத்தன்று காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே வயல் நிறைந்துவிட்டது. ரிசார்ட் வேனில் விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள். நிஷா அவர்களை வரப்பில் வரிசையாக நிற்கவைத்தாள். தமிழரசன் பெண்டாட்டி கனகாவோடு முன்னால் வந்து நின்றான். சட்டையைக் கழற்றியிருந்தான், ஆனால் தோளில் ஒரு தேங்காய்ப்பூத் துண்டை நாலாக மடித்துப் போட்டிருந்தான். காலனி ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். எத்தனை மடிப்பு மடித்தாலும் என் ஈர்க்கு உள்ளே போகும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பீமன் தொடையில் அடித்தான். திரௌபதி கூந்தலை முடிந்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். அதன் பிறகு களத்தில் சத்தம் அடங்கியது, முகவீணை மட்டும் தொடங்கியது. காந்தாரி வந்தாள்.

அன்றைக்கு அவர் அழுதது போல நான் கேட்டதில்லை. மண் பிள்ளையின் முகத்தைத் தடவித் தடவி, "தாலாட்ட ஒரு கை போதலைன்னேன், தலைமாட்டுல ஒரு புள்ள மிஞ்சலையே" என்று இழுத்தபோது, என் விரல் சுரம் தப்பியது. அவரை அறைந்தவன்மேல் இருந்த கோபத்தையே கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன். பிறகு அவர் முறத்தையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் கட்டிய துடைப்பம்தான். கோபம் திரும்பி வந்தது.

முதலில் குழந்தைகள். அவ்வளவு முரட்டு ஈர்க்கு பூப் போலத்தான் விழுந்தது. பிறகு கிழவர்கள், பெண்கள், மேல்தெரு ஆண்டைகள். தலையைத் தடவுவார், தோளில் ஓர் அடி, அடுத்த ஆள். விருந்தாளிகளில் பெங்களூர்க்கார அம்மாள் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து குனிந்தார், அடி விழுந்ததும் ஏனோ அழுதுவிட்டார். கனகா குனிந்தாள். காந்தாரி அவள் உச்சியைக் கொஞ்ச நேரம் தடவிவிட்டு அடித்தாள்.

தமிழரசன் குனிந்தான். நான் கட்டையை அழுத்திய விரலை எடுக்காமல் ஒரே சுரத்தில் பிடித்துக்கொண்டிருந்தேன். இடது கை அவன் தலைமேல் இறங்கியது, தடவியது, நின்றது. துடைப்பம் ஓங்கியது. அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான், துண்டு போட்ட தோளைக்கூடக் கொஞ்சம் சுருக்கினான்.

துடைப்பம் மெதுவாக இறங்கிவிட்டது. காந்தாரி அவனை விட்டுவிட்டு அடுத்து நின்ற அவன் டிரைவரின் தலையைத் தடவி ஓர் அடி கொடுத்தாள்.

கண்கட்டு இருக்கிறதே, தவறிவிட்டது போல என்று அவன் நினைத்தான். எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். அவன் சுற்றிக்கொண்டு போய் மறுபடியும் முன்னால் குனிந்தான். இந்தத் தடவை தலையைத் தொட்டதுமே கையை எடுத்துக்கொண்டாள். பின்னால் நின்றிருந்த மாடு மேய்க்கிறவர் தோளில் அடி விழுந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். பயந்துவிட்டாரா இந்த மனுஷன், இத்தனை நாள் காத்தது இதற்கா என்று பல்லைக் கடித்தேன்.

தமிழரசன் முகம் வெளுத்துவிட்டது. துண்டை எடுத்துக் கீழே போட்டான். வெறும் தோளோடு வழியை மறித்துக் கை கூப்பினான்.

"அம்மா, நானு. தமிழரசன். பலமாவே அடிம்மா, பரவால்ல."

காந்தாரி நின்றாள். முறத்தைத் திரௌபதியிடம் கொடுத்தாள், துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கூப்பிய கைகளைத் தடவிப் பிரித்து, அவனுடைய வலது கையை எடுத்தாள். ஒவ்வொரு விரலாகத் தடவினாள். அந்த உள்ளங்கையைத் தூக்கித் தன் இடது கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவன் இழுத்துப் பார்த்தான், மூட்டை தூக்குகிற பிடி, விடவில்லை.

"இந்தக் கைய எனக்குத் தெரியும்," என்றாள். அழுது கரகரத்த அந்தக் குரல் கடைசி வரப்பு வரைக்கும் கேட்டது. "உன்னத்தான் தெரில. நூறு புள்ள பெத்தேன், ஒவ்வொண்ணா தலையத் தடவித்தான் வளத்தேன். உன்னப் பெத்த ஞாபகம் எனக்கு இல்லியேப்பா. யாரு பெத்த புள்ளையோ, நீ உன் வூட்டுக்குப் போ."

கையை விட்டாள். முறத்தை வாங்கிக்கொண்டு, அடுத்த பிள்ளையைத் தேடிப் போய்விட்டாள்.

தமிழரசன் அங்கேயே நின்றான். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது, உள்ளங்கையில் மஞ்சளும் ரோஸும். தை மாதத்து அறையைக் கேள்விப்பட்டவர்கள் கேள்விப்படாதவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, கையைப் பார்த்தாலே போதும். பக்கத்தில் நின்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள். எங்கே துடைப்பது என்று தெரியாமல் அவன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கனகாதான் முந்தானையை நீட்டினாள், பிறகு என்ன நினைத்தாளோ, இழுத்துக்கொண்டாள்.

"வாங்க, வூட்டுக்குப் போலாம்," என்றாள்.

பெங்களூர் அம்மாள் நிஷாவிடம், அவரை மட்டும் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டாராம். அவர் அந்தத் தாய் பெற்ற பிள்ளை இல்லையாம் என்று மட்டும் நிஷா சொன்னாளாம். என் ஆத்திரமெல்லாம் அப்போது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் கட்டிய துடைப்பம் எவ்வளவு அற்பமானது என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஓங்கி ஓர் அடி விழுந்திருந்தால் அவன் தோளைத் தேய்த்துக்கொண்டு, பீடை போயிற்று என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பான்.

வெள்ளிக்கிழமை பூமி பூஜை நடக்கவில்லை. கடைக்கால் தோண்ட வருவதாகச் சொன்ன கொத்தனார், துடைப்பம் ஒதுக்கிய கையிலிருந்து எலுமிச்சம்பழம் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வெளியூர் ஆட்களைக் கூப்பிடலாம் என்று மேனேஜர் சொல்லியும் தமிழரசன் வேண்டாமென்றான். பம்புசெட் கிணற்றுப் பக்கம் அவன் போவதே இல்லை, சுற்றிக்கொண்டு போகிறான் என்றாள் நிஷா. நான் அந்த வழியாக வண்டி ஓட்டும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து, அவன் சுற்றிக்கொண்டு போகிறானா என்று பார்ப்பேன்.

வைகாசி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் காலனிக்கு வந்தான். காரை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தான். அவன் காலனிக்குள் வந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. கன்னியப்பன் வேப்ப மரத்து நிழலில் லுங்கியோடு உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார், நான் எதிரில் இருந்தேன். தமிழரசன் கையில் ஒரு தாம்பாளம். வெற்றிலைப் பாக்கு, பூ, அதே புடவை. தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"கன்னியப்பா, தப்பு எம்மேலதான். நாலு பேரு எதுர்ல சொல்லிட்டேன். இத்த வாங்கிக்க. துடைப்பத்த எடுத்து ஒரு தட்டு தட்டிடுப்பா. நா நிம்மதியா தூங்கிப் பல நாள் ஆவுது."

துடைப்பம் அவருக்குப் பின்னால் சுவரில்தான் சாத்தியிருந்தது. கன்னியப்பன் சட்டென்று எழுந்து, எண்ணெய்க் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, மில்லில் நிற்பது போலவே பணிவாக நின்றார்.

"அய்யய்யோ, எழுந்துக்காம குந்திக்கினு இருந்துட்டேன். எங்கிட்ட எதுக்கு ஐயா மன்னிப்பு? நானு மூட்ட தூக்கற கன்னியப்பன். வேசத்த கலைச்சா நா யாருன்னு ஐயாவுக்குத்தான் தெரியுமே. நீங்க தேடி வந்தவங்க இங்க இல்ல. அவங்க சித்திரையிலதான் வருவாங்க. அப்பவும் புள்ளன்னு சேத்துக்குவாங்களா, மாட்டாங்களான்னு நா எப்டி சொல்றது?"

தமிழரசன் சுவரில் சாத்தியிருந்த துடைப்பத்தைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான்.

"செங்கேணி," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார் கன்னியப்பன். "ஐயாவுக்கு ஒரு சொம்பு தண்ணி கொண்டா. அடுத்த சித்திரைக்கு இன்னும் நாளு கெடக்குது, வெயிலும் ஜாஸ்தியா கீது."